ஒரே பெயரில் கால்நடை இனப்பெருக்கமும் கல்வி உளவியலும்: ஆய்வு வெளியீட்டுப் பட்டியலை வாசிப்பது எப்படி?

உதவிப் பேராசிரியர் பணி, பதவி உயர்வு, ஆய்வு நெறியாளர் தகுதி ஆகிய மூன்றையும் இன்று ஒரே தாள் தீர்மானிக்கிறது. அதுவே ஆய்வு வெளியீட்டுப் பட்டியல். அத்தாளில் கறவை மாடுகளின் சினைப்பிடிப்பு பற்றிய கட்டுரையும், உயர்நிலைப் பள்ளி மாணவரின் கற்றல் ஊக்கம் பற்றிய கட்டுரையும் ஒரே பெயரின் கீழ் அடுத்தடுத்து நின்றால் அதை எப்படிப் புரிந்துகொள்வது? "இது போலி" என்று உடனே முடிவு கட்டுவோர் உண்டு. "பல்துறை அறிஞர்" என்று பாராட்டிக் கடந்துவிடுவோரும் உண்டு. இரண்டுமே சரிபார்க்காத முடிவுகள்.

மந்தாரக்குப்பம், நெய்வேலிப் பகுதிகளிலிருந்து உயர்கல்விக்குச் செல்லும் தலித் மாணவர்களில் பலர் சுரங்கத்தை நம்பிய ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்தும் நிலமற்ற உழைப்பாளர் குடும்பங்களிலிருந்தும் வருகிற முதல் தலைமுறைப் பட்டதாரிகள். ஆய்விதழ் என்பது என்ன, அது எவ்வாறு இயங்குகிறது என்று வீட்டில் சொல்லித்தர எவருமில்லை. நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போதும், பணிக்கு விண்ணப்பிக்கும்போதும், தம்மீது புகார் வரும்போதும் அவர்களுக்கு இந்த அறிவு தேவைப்படுகிறது. அதைத் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடர்பற்ற இரு துறைகள் ஒரே பெயரில் வருவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, ஒரே பெயருடைய இருவரின் கட்டுரைகள் கலந்திருக்கலாம். இரண்டு, ஒருவரே இரு துறைகளிலும் உண்மையாகவே உழைத்திருக்கலாம். மூன்று, கட்டுரையோ ஆசிரியர் இடமோ விலைக்கு வாங்கப்பட்டிருக்கலாம். இவற்றை இதே வரிசையில்தான் ஆராய வேண்டும். முதல் இரண்டையும் விலக்காமல் மூன்றாவதற்குத் தாவுவது அநீதி.

1. பெயர் செய்யும் குழப்பம்

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டத்தைக் கைவிடுமாறு தீர்மானித்தது. அந்த மரபின் பயனாகத் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் தந்தை பெயரின் தலைப்பெழுத்தும் தம் பெயருமாக மட்டுமே அறியப்படுகின்றனர். இது நாம் பெருமைப்பட வேண்டிய மரபு. ஆனால் உலக ஆய்விதழ்களின் படிவங்கள் 'குடும்பப் பெயர்' இருந்தே தீரும் என்ற எண்ணத்தில் வடிவமைக்கப்பட்டவை. அந்தக் கட்டத்தில் ஒருவர் தந்தை பெயரை எழுதுகிறார். இன்னொருவர் தலைப்பெழுத்தை எழுதுகிறார். மற்றொருவர் தம் பெயரையே இருமுறை எழுதுகிறார். விளைவாக ஒரே மனிதர் மூன்று மனிதராகப் பிரிகிறார். மூன்று மனிதர் ஒருவராக ஒட்டப்படுகின்றனர்.

2004இல் தொடங்கப்பட்ட ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளங்கள் பெயர், நிறுவனம், இணை ஆசிரியர் ஆகியவற்றை ஒப்பிட்டுக் கணினி வழியாகவே ஆசிரியர் பக்கங்களை உருவாக்குகின்றன. கூகுள் ஸ்காலரோ, ஒத்த பெயரிலுள்ள கட்டுரைகளைத் தாமாகவே ஒருவரின் பக்கத்தில் சேர்த்துக்கொள்ள இடம் தருகிறது. உரியவர் கவனித்து நீக்கும்வரை அவை அங்கேயே நிற்கும்.

நம் பகுதிக்கு அருகிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண் புலத்தின் கீழ்க் கால்நடை வளர்ப்புத் துறை இருக்கிறது. கல்வியியல் துறையும் உளவியல் துறையும் இருக்கின்றன. ஒரே தலைப்பெழுத்தும் ஒரே பெயரும் கொண்ட இருவர், ஒருவர் கால்நடைத் துறையிலும் மற்றவர் கல்வியியல் துறையிலும் பணியாற்றினால், நிறுவன முகவரி ஒன்றாகவே இருக்கும். துறையின் பெயரைக் கவனிக்காத கணினிக்கு அவர்கள் ஒருவரே.

சாதிப் பெயரை ஒட்டிக்கொண்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டா. சீனத்தின் வாங், கொரியாவின் கிம் ஆகிய குடும்பப் பெயர்களாலும் இதே குழப்பம் உலகெங்கும் நேர்கிறது. குடும்பப் பெயர் ஆளை அடையாளம் காட்டுவதில்லை. அதனால்தான் 2012இல் 'ஆர்க்கிட்' என்ற 16 இலக்க ஆய்வாளர் எண் உருவாக்கப்பட்டது. பதிவுக்குக் கட்டணம் இல்லை. மதம் மாறியோ, இழிவுபடுத்தும் பெயரை விலக்கியோ அரசிதழ் வழியாகப் பெயர் மாற்றிக்கொண்ட தலித் ஆய்வாளர்களுக்கு இந்த எண் இன்னும் இன்றியமையாதது. பழைய பெயரிலுள்ள உழைப்பையும் புதிய பெயரிலுள்ள உழைப்பையும் இணைக்கும் பாலம் அதுவே.

2. துறை தாண்டுவது குற்றமன்று

அண்ணல் அம்பேத்கரின் வெளியீட்டுப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். 1917இல் சாதியின் தோற்றம் குறித்த மானுடவியல் கட்டுரை. 1918இல் இந்தியாவின் சிறு நிலவுடைமைகள் பற்றிய வேளாண் பொருளாதாரக் கட்டுரை. 1923இல் ரூபாயின் சிக்கல் குறித்த நாணயவியல் நூல். 1936இல் சாதி ஒழிப்பு. மறைவுக்குப் பின் 1957இல் புத்தரும் அவர் தம்மமும். துறைகளின் எண்ணிக்கையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் இப்பட்டியலும் ஐயத்திற்குரியதாகிவிடும். ஆனால் ஒவ்வொரு நூலிலும் தரவு எது, வாதம் எது, முறையியல் எது என்பதைக் காட்ட முடியும். துறை தாண்டலை நியாயப்படுத்துவது அதுதான்.

கால்நடை இனப்பெருக்கத்திற்கும் கல்வி உளவியலுக்கும் உண்மையான உறவும் உண்டு. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகங்களில் 'விரிவாக்கக் கல்வி' என்றொரு துறையே இருக்கிறது. செயற்கை முறைக் கருவூட்டலை மாடு வளர்ப்போர் ஏன் ஏற்கின்றனர், ஏன் தயங்குகின்றனர் என்பதை மனப்பான்மை அளவுகோல்களால் ஆராய்வது அத்துறையின் அன்றாட வேலை. அங்குள்ள ஒருவர் சினைப்பிடிப்பு பற்றியும் கற்றல் பற்றியும் எழுதுவது இயல்பு.

புள்ளியியலிலும் இவ்வுறவு ஆழமானது. ரொனால்ட் ஃபிஷர் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வளர்த்தெடுத்த மாறுபாட்டுப் பகுப்பாய்வைத்தான் இன்று எம்.எட். மாணவர்களும் பயன்படுத்துகின்றனர். அமெரிக்க வேளாண் துறையில் பணியாற்றிய சூவல் ரைட், கினிப் பன்றிகளின் மரபை ஆராய்ந்தபோது உருவாக்கிய தடப் பகுப்பாய்வு இன்று கல்வி உளவியலின் கருவி. 'மரபுவழிப் பேறு' என்ற அளவை கால்நடைப் பண்ணை ஆய்வில் வேரூன்றச் செய்தவர்களில் ஒருவர் அயோவாவின் ஜே லஷ். அவருடைய கால்நடை இனவிருத்தி நூல் 1937இல் வெளிவந்தது.

அந்த அளவை மாட்டுத் தொழுவத்திலிருந்து வகுப்பறைக்குக் கொண்டுவந்தபோது என்ன நேர்ந்தது என்பதை நாம் குறிப்பாக அறிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் புகழ்பெற்ற கல்வி உளவியலாளர் சிரில் பர்ட், அறிவுத்திறன் பெரும்பாலும் பிறப்பிலேயே அமைகிறது என்று வாதிட்டார். பிரித்து வளர்க்கப்பட்ட இரட்டையர் பற்றிய தரவு அவருடைய முதன்மைச் சான்று. 1969இல் ஆர்தர் ஜென்சன், கறுப்பின மாணவர்க்கும் வெள்ளையின மாணவர்க்கும் இடையிலான மதிப்பெண் வேறுபாட்டில் மரபின் பங்கை வலியுறுத்தி எழுதிய கட்டுரையும் பர்ட்டின் தரவைச் சார்ந்திருந்தது.

1971இல் பர்ட் மறைந்தார். அதன் பின்னர் லியோன் காமின் அவருடைய கட்டுரைகளை வரிசையாக அடுக்கிப் படித்தார். இரட்டையர் இணைகளின் எண்ணிக்கை 21இலிருந்து 53ஆக உயர்ந்த பின்னும் ஒட்டுறவுக் கெழு 0.771 என்று மூன்றாம் தசமம்வரை மாறாமல் நின்றது. 1976 அக்டோபரில், பர்ட்டின் இணை ஆசிரியர்களாகக் குறிக்கப்பட்ட இரு பெண்களைக் கண்டறிய முடியவில்லை என்று லண்டன் சண்டே டைம்ஸ் எழுதியது. 1979இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர் லெஸ்லி ஹெர்ன்ஷா, மோசடி நடந்தது என்றே முடிவு செய்தார். பர்ட்டை ஆதரித்தும் 1989இலும் 1991இலும் நூல்கள் வந்தன. விவாதம் முற்றாக ஓயவில்லை. ஆயினும் இரு பாடங்கள் உறுதி. வெளியீட்டுப் பட்டியலைப் பொறுமையாக வாசித்ததாலேயே அந்த ஐயம் வெளிப்பட்டது. மேலும், பெருமை மிக்க பெயரும் பெருமை மிக்க நிறுவனமும் சரிபார்ப்பிலிருந்து விலக்குப் பெற உரிமையற்றவை.

பிறப்பே தகுதி என்ற கருத்துக்கு அறிவியல் சாயம் பூசுவதன் ஆபத்தை நாம் அறிவோம். சாதியை மரபியலாலும் இனமேம்பாட்டுக் கோட்பாட்டாலும் நியாயப்படுத்தும் வாதத்தை அம்பேத்கர் 1936லேயே எடுத்துக்கொண்டு மறுத்திருக்கிறார்.

3. புள்ளிக் கணக்கும் போலி இதழ்களும்

முதல் இரு விளக்கங்களும் பொருந்தாதபோது மூன்றாவதை ஆராய வேண்டியிருக்கிறது. இங்கு தனிமனித ஒழுக்கத்தைவிட விதிகளின் அமைப்பே முதலில் கவனிக்கத்தக்கது.

பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் ஆசிரியர் பணிக்குப் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. 2018 சூலை விதிமுறைகளின்படி, கால்நடை அறிவியல் உள்ளிட்ட அறிவியல் புலங்களில் ஒரு கட்டுரைக்கு 8 புள்ளி. கல்வியியல் உள்ளிட்ட கலை, சமூக அறிவியல் புலங்களில் 10 புள்ளி. இணைப் பேராசிரியர் நேரடி நியமனத்திற்கு 7 கட்டுரைகளும் 75 ஆய்வுப் புள்ளிகளும், பேராசிரியருக்கு 10 கட்டுரைகளும் 120 புள்ளிகளும் தேவை.

இணை ஆசிரியர் கணக்கைப் பாருங்கள். இருவர் எழுதினால் ஒவ்வொருவருக்கும் 70 விழுக்காடு. இருவருக்கு மேற்பட்டால் முதன்மை ஆசிரியருக்கு 70 விழுக்காடு, ஏனையோர் ஒவ்வொருவருக்கும் 30 விழுக்காடு. தனியாக எழுதினால் 8 புள்ளி தரும் கால்நடைக் கட்டுரை, மூவர் பெயரில் வந்தால் மொத்தம் 10.4 புள்ளியாகவும், நால்வர் பெயரில் வந்தால் 12.8 புள்ளியாகவும் பெருகுகிறது. பெயரைச் சேர்ப்பதற்கு விதியே பரிசு தருகிறது. உழைக்காதவர் பெயர் பட்டியலில் ஏறுவதற்கும், தம் துறையல்லாத கட்டுரையில் ஒருவர் மூன்றாம் ஆசிரியராக நிற்பதற்கும் இக்கணக்கு ஒரு காரணம்.

ஆய்வு மாணவர் மீதான கட்டாயம் இதனுடன் சேர்ந்தது. 2009 முனைவர் பட்ட விதிமுறை ஒரு கட்டுரையையும், 2016 விதிமுறை ஒரு கட்டுரையுடன் இரு கருத்தரங்க அளிப்புகளையும் கட்டாயமாக்கின. இந்தத் தேவையைச் சந்தையாக்கிக்கொண்ட பதிப்பகங்கள் பெருகின. செனியு ஷென், போ-கிறிஸ்டர் பியோர்க் ஆகியோர் 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இத்தகைய இதழ்கள் 2014ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 4,20,000 கட்டுரைகளை வெளியிட்டன. பதிப்பாளர்களில் நான்கில் ஒரு பங்கினருக்கும் மேல் இந்தியாவில் இருந்தனர். ஐதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் குழுமம், மதிப்பீட்டு முறை குறித்தும் கட்டணம் குறித்தும் ஆய்வாளர்களை ஏமாற்றியதாக அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், 2019 மார்ச்சில் நெவாடா கூட்டாட்சி நீதிமன்றம் 5 கோடி டாலருக்கும் மேலான தொகையைச் செலுத்த உத்தரவிட்டது.

மானியக் குழுவின் பட்டியலும் இதற்குத் தப்பவில்லை. பல்கலைக்கழகங்களின் பரிந்துரையால் அப்பட்டியலில் சேர்ந்த இதழ்களைப் பூஷண் பட்வர்தன் தலைமையிலான குழு மாதிரி எடுத்து ஆராய்ந்து, 88 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை தரமற்றவையாக இருக்கக்கூடும் என்று 2018 மார்ச்சில் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதியது. அதே ஆண்டு மே 2ஆம் நாள் 4,305 இதழ்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 2019இல் 'கேர்' பட்டியல் வந்தது. 2022 நவம்பரில் முனைவர் பட்டத்திற்கான கட்டுரைக் கட்டாயத்தை மானியக் குழு கைவிட்டது. 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலும் கைவிடப்பட்டது. எந்த இதழ் தரமானது என்பதை இனி அந்தந்த நிறுவனமே முடிவு செய்யலாம் என்றாயிற்று.

4. இதில் நம் பங்கு என்ன?

பொதுப் பட்டியல் குறையுடையதாக இருந்தாலும் அனைவருக்கும் ஒரே அளவுகோலாக இருந்தது. இப்போது அளவுகோல் தேர்வுக் குழுவின் கையில் இருக்கிறது. ஒருவரின் கட்டுரைக்கு "தரமானது" என்றும் மற்றொருவரின் கட்டுரைக்கு "ஏற்புடையதன்று" என்றும் முத்திரை குத்தும் அதிகாரம், "தகுதியானவர் கிடைக்கவில்லை" என்று சொல்லி ஒதுக்கீட்டு இடங்களைக் காலியாக விடும் பழைய வழக்கத்துடன் சேர்ந்தால் என்ன விளையும் என்பதை விளக்கத் தேவையில்லை. எந்த இதழ்கள் ஏற்கப்படும் என்பதை விண்ணப்ப அறிவிப்பிலேயே வெளியிடுமாறு மாணவர் அமைப்புகள் கோர வேண்டும்.

இரண்டாவது இழப்பு பணம். கல்வி உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும் மாணவர், இதழுக்குக் கட்டணம் செலுத்தக் கடன் வாங்குகிறார். அந்த இதழ் பின்னர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டால் பணமும் போய், கட்டுரையும் மதிப்பிழக்கிறது.

மூன்றாவது, அறிவின் இழப்பு. மாநில அரசின் விலையில்லாக் கறவை மாடு, ஆடு வழங்கும் திட்டம் 2011இல் தொடங்கியது. நிலமற்ற குடும்பத்திற்கு ஒரு கலப்பின மாடு சினை பிடிக்காமல் போவது பல மாத வருமானம் போவதாகும். கால்நடை இனப்பெருக்கத்தில் பொய்த் தரவு புகுந்தால் அதன் விலையைக் கொடுப்பவர் அந்தக் குடும்பத்தினர். கல்வி உளவியலிலும் இதே நிலைதான். 'சமூகம்' என்பதை ஒரு பின்னணி மாறியாக வைத்து, பட்டியலின மாணவரின் தன்மதிப்போ அடைவூக்கமோ குறைவு என்று ஒரு பக்க அட்டவணையில் முடிக்கும் கட்டுரைகளை நாம் அடிக்கடி காண்கிறோம். பள்ளியின் பாகுபாடு அங்கே அளக்கப்படுவதில்லை. குழந்தையின் மனம் மட்டுமே அளக்கப்படுகிறது. முறையான மதிப்பீடின்றி இவை வெளிவந்து, பின்னர் ஆசிரியப் பயிற்சியில் மேற்கோளாகின்றன.

5. சரிபார்க்கும் முறை

1. ஆளை உறுதி செய்க. ஆர்க்கிட் எண், துறையின் முழுப் பெயர், மின்னஞ்சல் ஆகியவை கட்டுரைகளுக்கிடையே பொருந்துகின்றனவா எனப் பார்க்கவும். முனைவர் பட்ட ஆய்வேட்டை சோத்கங்கா களஞ்சியத்தில் தேடினால் அவருடைய அடிப்படைத் துறை தெரியும்.

2. கால வரிசையில் அடுக்குக. துறை மாற்றம் படிப்படியாக, புதிய பட்டத்துடனோ புதிய பணியுடனோ வந்ததா? அல்லது பதவி உயர்வுக்கு முந்தைய சில மாதங்களில் திடீரெனக் குவிந்ததா?

3. இணை ஆசிரியர்களைக் கவனிக்க. கால்நடைக் கட்டுரையில் ஒரு கால்நடை அறிவியலாளராவது இருக்கிறாரா? ஒவ்வொருவரும் செய்த பணி எழுதப்பட்டுள்ளதா?

4. ஒப்புதல்களைத் தேடுக. ஆய்வுக் கூடத்தில் விலங்குகள் மீது சோதனை நடந்திருந்தால் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பள்ளிக் குழந்தைகள் பங்கேற்றிருந்தால் பெற்றோர் இசைவும் பள்ளியின் அனுமதியும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

5. இதழைச் சோதிக்க. ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை அதற்குரிய பன்னாட்டுத் தளத்தில் தேடவும். அந்த எண் இருப்பது தரச் சான்று அன்று. இதழ் என்று ஒன்று இருப்பதற்கான பதிவு மட்டுமே. புகழ்பெற்ற இதழின் பெயரையும் எண்ணையும் திருடி நடத்தும் போலித் தளங்களும் உண்டு. சில நாள்களில் ஏற்பு, எல்லாத் துறைக்கும் ஒரே இதழ், கட்டணத்தை மறைத்தல் ஆகியன எச்சரிக்கை அடையாளங்கள்.

6. கட்டுரையைப் படிக்க. இதுவே கடைசி வாயில், இதுவே முதன்மையானதும்கூட. மாதிரியின் அளவு, களம், ஆண்டு, கருவி ஆகிய நான்கும் தெளிவாக இல்லாத கட்டுரையை எந்தத் தரவுத்தளமும் காப்பாற்ற முடியாது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்பதை இதழின் பக்கத்திலும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்திலும் பார்க்கலாம்.

6. சட்ட வழிகள்

நகலெடுத்தல் குற்றச்சாட்டுக்கு மானியக் குழுவின் 2018 கல்விசார் நேர்மை விதிமுறைகள் பொருந்தும். ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனையற்றது. அதற்கு மேல் 40, 60 விழுக்காடு என்ற எல்லைகளில் தண்டனை கூடுகிறது. துறைக் குழுவும் நிறுவனக் குழுவும் தலா 45 நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும். இயற்கை நீதிக் கோட்பாட்டைப் பின்பற்ற வேண்டும். விளக்கம் கேட்காமல் பதிவை நீக்கும் ஆணை நீதிமன்றத்தில் நிற்காது. இவ்விதிகள் முதன்மையாக நகலெடுத்தலையே அளக்கின்றன. விலைக்கு வாங்கிய ஆசிரியர் இடத்தை மென்பொருள் கண்டுபிடிக்காது. எனவே மேற்கண்ட ஆறு படிகளில் கிடைக்கும் ஆவணங்களே சான்று.

நேர்காணலில் தமக்கு வழங்கப்பட்ட புள்ளி விவரத்தையும், கட்டுரைகளை ஏற்ற அல்லது மறுத்த அளவுகோலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 6(1) பிரிவின்கீழ் கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் வராவிடில் 19(1)இன்கீழ் முதல் மேல்முறையீடு. பின்னர் 90 நாள்களுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. பிறரின் விவரம் கேட்டால் 8(1)(ஜே) பிரிவைக் காட்டி மறுப்பர். அப்பிரிவு 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் மேலும் இறுக்கப்பட்டுள்ளது. ஆகவே தம்முடைய விவரத்தையும் பொது அளவுகோலையும் கேட்டுத் தொடங்குவதே சரியான உத்தி.

ஒரு தலித் ஆய்வாளரின் பட்டியலில் பெயர்க் குழப்பத்தால் வந்த கட்டுரைகளைக் காட்டி, பொய்யென அறிந்தே அரசு ஊழியரிடம் புகார் அளித்துத் தீங்கு விளைவித்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(கியூ) பிரிவு பொருந்தக்கூடும். பொய் வழக்குத் தொடுத்தால் 3(1)(பி) பிரிவு. பட்டியலினத்தோருக்கான தேசிய ஆணையத்திலும் முறையிடலாம். அரசியலமைப்பின் 338ஆம் உறுப்பு விசாரணைக்காக அதற்கு உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் வழங்குகிறது.

அதே அளவு எச்சரிக்கை நமக்கும் தேவை. பெயரை உறுதி செய்யாமல் ஒருவரைச் சமூக ஊடகத்தில் "போலி ஆய்வாளர்" என்று எழுதினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்கீழ் அவதூறு வழக்கு வரலாம். புகாரை எழுத்தில், ஆவணங்களுடன், உரிய குழுவிடம் அளிப்பதே பாதுகாப்பு. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆண்டு, இதழ், ஐயத்திற்கான காரணம், அதற்கான சான்று என நான்கு பத்தி அட்டவணை போதும்.

முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்யும் மாணவர்கள் முதல் வாரத்திலேயே மூன்றைச் செய்துவிடலாம்: பெயரின் ஒரே வடிவத்தைத் தேர்ந்தெடுத்து எல்லாப் படிவத்திலும் அதையே எழுதுதல், ஆர்க்கிட் எண் பெறுதல், நெறியாளரோடு ஆசிரியர் வரிசை பற்றிய பேச்சை மின்னஞ்சலில் பதிவு செய்தல். பிற்காலத்தில் தேர்வுக் குழுவின் முன் அமரும்போது உங்கள் சார்பில் பேசுவதற்கு அந்த ஆவணங்கள் இருக்கும்.